உருமாறாக் குறுக்கம்

திண்மைக்கு உவமை வேண்டியவிடத்து நம் மக்கள் உலோகத்தையே நாடுவர். கலங்காதவனை இரும்பு நெஞ்சன் என்பர். இரங்காதவனையும் அவ்வாறே கூறுவர். இவ்வுவமைகளின் அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கின்றது. உலோகம் என்பது அணுக்கள் ஓர் ஒழுங்கில் அடுக்கப்பட்ட பொருள். அவ்வடுக்கு மாறின் பொருளின் குணம் மாறும். மாறாதவரை பொருளும் மாறாது என்பதே அது. இது பாமரர் நம்பிக்கை மட்டுமன்று. கரியின் இரு வடிவங்களாகிய வைரத்தையும் பென்சிற்கரியையும் எடுத்துக்காட்டி, அடுக்கு வேறாதலின் குணமும் வேறாயிற்று என்று பள்ளிப் பாடங்களும் கற்பிக்கின்றன. கற்பிப்பது உண்மையே. ஆயினும் அதனைப் படித்த மாணவர், தாமாகவே ஓரடி மேற்சென்று, அடுக்கு ஒன்றாயின் பொருளின் நிலையும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு பொருந்தாது என்பதும், அதனைப் பொருந்தாதெனக் காட்டும் உலோகம் நம் கடற்கரை மணலிலேயே கிடக்கின்றது என்பதும், அவ்வுலோகத்தின் செய்தியைத் தமிழிற் கூறப்புகுவார் எளிதில் எடுத்தாளும் சொல் அதற்கு ஏலாது என்பதும் யாம் ஈண்டுக் கூற விரும்புவன.

தமிழ் பயில்வார்க்கு உலோகத்தின் உள்ளடுக்கில் என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவக்கூடும். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை ஆராய்வதே எம் வேலை. ஒரு பொருள் தனக்கிட்ட பெயருக்குள் அடங்காது நிற்குமிடத்தில் எமக்கும் ஒரு வழக்கு உண்டு.

அவ்வுலோகம் சீரியம் எனப்படும். தனிமங்களின் வரிசையில் 58ஆம் இடத்தில் நிற்பது. 1803ஆம் ஆண்டில் சுவீடனில் பெர்சீலியசும் ஹிசிங்கரும், செருமனியில் கிளாப்ரோத்தும், ஒருவரையொருவர் சாராது ஒரு தாதுவினின்று இதன் ஆக்சைடைப் பிரித்தறிந்தனர். 1801இல் கண்டுபிடிக்கப்பட்டிருந்த சீரிஸ் என்னும் சிறுகோளின் பெயர் இதற்கு வாய்த்தது. உலோகமாகவே பிரித்தெடுக்க 1875 வரையிற் காத்திருக்க வேண்டியதாயிற்று. இதனையும் இதன் சுற்றத்தையும் அருமண் உலோகங்கள் என்று வழங்குகின்றோம். இப்பெயரின் இரு பகுதியும் பிழையே. புவியின் மேலோட்டில் சீரியம் ஏறத்தாழச் செம்பளவு உள்ளது; ஆகவே அரியதன்று. உலோகமாதலின் மண்ணுமன்று; நீரிற் கரையாத ஆக்சைடுகளை மண் என்று அக்கால இரசாயனர் வழங்கியமையான் வந்த பெயர் அது. பிழைபட்ட பெயர் இரண்டு நூற்றாண்டுகளாக நிலைத்துவிட்டது. இனி அதனைப் பெயர்ப்பார் இல்லை. சொற்களைப் பற்றி யாம் பின்னர்க் கூறப்போவதற்கு இது ஒரு முன்னறிவிப்பாகுக.

நம் கரைக்கும் இவ்வுலோகத்திற்கும் உள்ள தொடர்பு நூறாண்டுக்கு மேற்பட்டது. திருவிதாங்கூரினின்று கப்பலேறிச் சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டு என்னும் தாது இருத்தலை 1909இல் ஷோம்பெர்க் என்னும் செருமானிய இரசாயனர் கண்டார். அக்கரையின் ஒரு கூறாகிய மணவாளக்குறிச்சி இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அந்நாளில் அம்மணலை நாடியவர் தோரியத்தின் பொருட்டே நாடினர். காஸ் விளக்கின் மாண்டிலுக்கு நூற்றுக்கு 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் வேண்டியிருந்தன. அந்த ஒரு பங்கு இன்றேல் விளக்கு மங்கிவிடும். சிகரெட்டுப் பற்றவைக்கும் லைட்டரில் உரசினாற் பொறி பறக்கும் சிறு கல் உண்டன்றோ? அதுவும் கல்லன்று, சீரியம் மிகுந்த ஒரு கலப்புலோகம். தூய சீரியமோ வெள்ளியின் சாயலுடையது; கத்தியால் அரியத்தக்க மென்மையுடையது; காற்றுப்பட்டால் விரைவில் மங்குவது. இரும்பு நெஞ்சிற்கு உவமையாக இதனைக் கூறுவார் எவருமிலர்.

இனி இதன் உள்ளே நுழைவோம். பழக்கடையில் ஆரஞ்சுப் பழங்களைக் கூம்பாக அடுக்கியிருத்தலை நேயர்கள் கண்டிருப்பர். ஒரு தட்டில் ஒவ்வொரு பழத்தையும் ஆறு பழங்கள் சூழ்ந்திருக்கும். இரண்டாம் தட்டு முதல் தட்டின் பள்ளங்களில் அமரும். மூன்றாம் தட்டிற்கு மட்டும் இரண்டு வழிகள் உள: முதல் தட்டிற்கு நேர்மேலாக அமரலாம், அன்றி, முதல் இரண்டு தட்டுகளும் விட்டுவைத்த வேறு பள்ளங்களில் அமரலாம். தட்டுகளின் இருப்பை அ, ஆ, இ என்னும் எழுத்துக்களாற் குறித்துக்கொண்டால், அஆ அஆ எனச் செல்வது ஓரடுக்கு. அஆஇ அஆஇ எனச் செல்வது மற்றோரடுக்கு. அஆஅஇ எனச் செல்வது மூன்றாவது. இம்மூன்றிலும் ஒவ்வோர் அணுவும் பன்னிரண்டு அணுக்களைத் தொட்டு நிற்கின்றது. அஆஇ என்னும் அடுக்கைச் சாய்த்து நோக்கினால், கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் அணுக்கள் நிற்றலைக் காணலாம். ஆகலின் அதனை முகமையக் கனசதுரம் என்பர்.

சாதாரண வெப்பநிலையில் சீரியம் இம்முகமையக் கனசதுரமாகவே உள்ளது. இந்நிலைக்குக் காமா என்பது பெயர். 726 செல்சியஸ் பாகைக்கு மேற் சூடேற்றினால், கனசதுரத்தின் மூலைகளிலும் வயிற்றின் நடுவிலும் அணு நிற்கும் டெல்டா நிலையை எய்துகின்றது. சுமார் 795 பாகையில் உருகிவிடுகின்றது. காமாவைக் குளிர்வித்தாலோ அஆஅஇ என்னும் அடுக்குடைய பீட்டா தோன்றும். இம்மாற்றத்தில் சீரியம் காட்டும் சோம்பல் பெரிது. குளிரும்போது மாறத் தொடங்கும் வெப்பநிலை வேறு. சூடேறும்போது மீளத் தொடங்கும் வெப்பநிலை வேறு. இரண்டிற்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. ஒருமுறை குளிர்ந்து மீண்ட துண்டில் இருவகை அடுக்கும் கலந்து கிடக்கும். இவையெல்லாம் நாம் எதிர்பார்க்கும் மாற்றங்களே. வெம்மை மிகுந்தது, அடுக்கு மாறிற்று. குளிர் மிகுந்தது, அடுக்கு மாறிற்று. பிற அருமண் உலோகங்களும் இவ்வாறு தட்டுகளை மாற்றியடுக்கும் இயல்பினவே. கடோலினியம் என்பது அஆ அஆ என்று நிற்பது; அமுக்கினால் ஒன்பது தட்டுக்கு ஒருமுறை மீளும் நீண்ட அடுக்காக மாறுகின்றது. பள்ளிப்பாடம் இதுவரையிற் பொய்க்கவில்லை.

பொய்க்குமிடம் அமுக்கத்தில் உள்ளது. ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தில் பெர்சி ப்ரிட்ஜ்மன் என்னும் அறிஞர் தம் வாழ்நாள் முழுவதையும் பொருள்களை அமுக்கிப் பார்ப்பதிலேயே செலவிட்டார் எனல் மிகையாகாது. அத்தொண்டிற்காக 1946இல் நோபெல் பரிசும் பெற்றார். அவர் 1927இல் சீரியத்தை அமுக்கியபோது, ஏழாயிரத்திற்கும் எண்ணாயிரத்திற்கும் இடைப்பட்ட வளிமண்டல அமுக்கத்தில் அவ்வுலோகம் திடீரெனச் சுருங்கக் கண்டார். கடலில் மிக ஆழமான மரியானா அகழியின் அடியிலும் அமுக்கம் சுமார் 1,100 வளிமண்டலமே. விரல்நகம் அளவான பரப்பின்மீது இரண்டு யானைகளை ஏற்றி நிறுத்தினாற் போன்றது ப்ரிட்ஜ்மன் இட்ட சுமை. அச்சுமையின்கீழ்ச் சீரியத்தின் கனஅளவு நூற்றுக்குச் சுமார் 15 பங்கு ஒரே தாவலில் குறைந்தது. சுமையை எடுத்தால் மீண்டும் விரிந்தது.

இதனைக் கேட்ட எவரும் உடனே வினவுவது, எந்தப் புதிய அடுக்கிற்கு அது மாறிற்று என்பதே. 1949இல் சிக்காகோவில் லாசன், டாங் என்னும் இருவர் அமுக்கத்தின்கீழ் இருக்கும் சீரியத்தின்மீது எக்ஸ்கதிர்களைச் செலுத்திப் பார்த்தனர். பார்த்தவிடத்துப் புதிய அடுக்கு ஒன்றும் இல்லை. முகமையக் கனசதுரமாகப் புகுந்தது முகமையக் கனசதுரமாகவே இருந்தது. கனசதுரம் சிறுத்திருந்தது, அவ்வளவே. கூடமும் முற்றமும் தாழ்வாரமும் இருந்தவாறே இருக்க, வீடு மட்டும் ஓர் இமைப்பிற் சிறிதாகிவிட்டது போலும். இச்சுருங்கிய நிலைக்கு ஆல்பா என்பது பெயர். அமுக்கமின்றிக் குளிராலும் இதனைப் பெறலாம். திரவ நைட்ரஜனின் குளிராகிய −196 பாகையில் உலோகத்தின் ஒரு பகுதி ஆல்பாவாகிவிடும். காமாவின் கனசதுரத்திற்கு ஒரு பக்கம் 5.16 ஆங்ஸ்ட்ராம், குளிரில் வரும் ஆல்பாவின் கனசதுரத்திற்கு 4.85. பக்கத்தில் நூற்றுக்கு ஆறு பங்கே குறைந்ததாயினும், கனஅளவில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு போய்விடுகின்றது.

அமுக்கினால் எப்பொருளும் சுருங்கும். இதில் வியப்பென்ன என்பாரும் உளர். எப்பொருளும் சுருங்கும் என்பது மெய்யே. ஆனால் சிறிது சிறிதாகச் சுருங்கும். படியிறங்குவதும் மாடியினின்று விழுவதும் ஒன்றல்ல. அன்றியும், விழுந்தபின் சீரியத்தின் குணமே வேறுபட்டுவிடுகின்றது. காமா நிலையில் ஒவ்வோர் அணுவும் ஒரு சிறு காந்தம்போல் தனித்து ஒழுகுகின்றது. ஆல்பா நிலையில் அக்காந்தத் தன்மை ஏறக்குறைய மறைந்துவிடுகின்றது. மின்சாரத்தைத் தடுக்கும் ஆற்றலும் குறைந்துவிடுகின்றது. அடுக்கைமட்டும் நோக்குவார்க்குக் காமாவும் ஆல்பாவும் ஒன்று. காந்தத்தை நோக்குவார்க்கு இரண்டும் இருவேறு உலோகங்கள்.

இதற்குக் காரணம் யாதெனின், விடை கூறுவார் ஒருவரல்லர். சீரிய அணுவின் எலெக்ட்ரான்களுள் ஒன்று 4எஃப் என்னும் உட்கூட்டில் அணுவை ஒட்டிப் பதுங்கியிருக்கின்றது. குற்றவாளி அதுவே என்பதில் ஐயமில்லை; குற்றம் யாது என்பதில்தான் வழக்கு. அவ்வெலெக்ட்ரான் அமுக்கத்தால் உட்கூட்டைவிட்டு வெளியே வந்து பிற எலெக்ட்ரான்களோடு கலந்துவிடுகின்றது, ஆகவே அணு சிறுக்கின்றது என்பது சக்கரியாசென், பாலிங் ஆகியோர் கூறிய முதல் விளக்கம். கேட்பதற்கு எளியது, மனத்தில் உடனே தைப்பது. ஆனால் 1960களின் இறுதியில் பாசிட்ரான்களைக் கொண்டு சோதித்தபோது, உட்கூட்டில் உள்ள எலெக்ட்ரானின் அளவு இரு நிலையிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கக் காணப்பட்டது. வெளியேறியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவன் வீட்டிலேயே இருந்தான். பின்னர் 1974இல் சுவீடனைச் சேர்ந்த யோஹான்சன், எலெக்ட்ரான் கூட்டை மாற்றவில்லை. தன் அணுவோடு தனித்துக் கட்டுண்டிருந்த அது, ஆல்பாவில் அண்டை அணுக்களோடு கைகோத்து அவற்றைப் பிணைப்பதில் பங்குகொள்கின்றது என்றார். 1982இல் ஆலனும் மார்ட்டினும், அவர்களைச் சாராது பிரெஞ்சு அறிஞர் சிலரும், வேறொன்று கூறினர்: எஃப் எலெக்ட்ரான் தன் அணுவிலேயே இருக்கின்றது, அதனைச் சூழ்ந்தோடும் எலெக்ட்ரான்கள் அதன் காந்தத்தை மூடி மறைக்கின்றன, ஆல்பாவில் அம்மூடுதல் வலுக்கின்றது, அவ்வலுவினால் விளையும் ஆற்றலே உலோகத்தைச் சுருக்குகின்றது. இவ்விரு கட்சியினர்க்கும் இடையே வழக்கு இன்னும் தீரவில்லை. ப்ரிட்ஜ்மன் கண்டு நூறாண்டு நிறையப்போகும் ஒரு செய்தி, கண்டவாறே ஐயத்துக்கிடமின்றி நிற்க, அதன் காரணம் மட்டும் இன்னும் ஆராயப்பட்டு வருகின்றது.

இவ்விடத்தில் எம் கருத்தை ஒளியாது கூறிவிடுகின்றோம். ஒரு வரியில் விடை கேட்கும் தேர்வுப் பழக்கத்திற்கு மேற்கூறிய முதல் விளக்கமே உகந்தது. எலெக்ட்ரான் வெளியேறியது, அணு சுருங்கியது என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். எளிமை காரணமாக ஒரு விளக்கத்தைத் தீர்ந்த முடிவாகக் கற்பிப்பதினும், மூன்று விளக்கங்களையும் அவற்றுள் ஒன்றைச் சாய்த்த சோதனையையும் கற்பித்து, மற்றை இரண்டும் வழக்கில் உள்ளன என்று சொல்லிவிடுவது மாணவர்க்கு நன்மை பயக்கும். தமிழ் வகுப்பில் உரையாசிரியர் இருவர் முரண்படுமிடத்து இருவர் உரையையும் படிக்கின்றோம். ஒருவர் உரையை மறைத்துவைத்தல் எமக்கு வழக்கமன்று. அதனாற் படிப்பு கெட்டதாக எவரும் குறைகூறக் கேட்டிலோம். விஞ்ஞான வகுப்பில் மட்டும் இம்முறை ஏன் நேரத்தை வீணாக்குவதாகக் கருதப்படுகின்றது?

இவ்வுலோகத்தின் செய்திகளுள் எம்மை மிகவும் ஈர்த்தது இன்னும் கூறப்படவில்லை. சீரியத்தைச் சூடாக்கி அமுக்கினால், தாவல் நிகழ்தற்கு மிகுதியான அமுக்கம் வேண்டியிருக்கின்றது. தாவலின் அளவோ குறைந்துகொண்டே வருகின்றது. மேலும் சூடாக்கினால் தாவல் இன்னும் சிறுக்கின்றது. இறுதியில் ஒரு புள்ளியில் தாவலே இல்லையாய்விடுகின்றது. அப்புள்ளியின் இடத்தைப் பற்றி ஆராய்ச்சியாளர் கூறும் எண்கள் சற்று வேறுபடுகின்றன. அமுக்கம் 15,000 முதல் 20,000 வளிமண்டலம் வரையிலும், வெப்பநிலை 200 பாகையை ஒட்டியதிலிருந்து 300 பாகைக்குச் சற்று மேல் வரையிலும் கூறப்படுகின்றது. அதற்கப்பால் காமா என்றும் ஆல்பா என்றும் பிரித்துக் காட்ட இயலாது. உள்ளது ஒரே முகமையக் கனசதுரச் சீரியம்.

நீரைப் பற்றி இத்தகைய செய்தியை இரசாயன மாணவர் அறிவர். நீருக்கும் ஆவிக்கும் இடையேயுள்ள எல்லை 374 பாகையிலும் சுமார் 218 வளிமண்டலத்திலும் முடிந்துவிடுகின்றது; அதற்கப்பால் கொதித்தல் என்பதொன்று இல்லை. நீரும் ஆவியும் ஒழுகும் பொருள்கள். அவற்றின் அணுக்கூட்டங்களுக்கு நிலையான அடுக்கு இல்லை. ஆகலின் அவை ஒன்றிலொன்று கரைந்துபோதல் வியப்பன்று. திண்ணிய உலோகத்தின் இரு நிலைகள் அங்ஙனம் கரைந்துபோதலே வியப்பு. தனித் தனிமம் ஒன்றில் இவ்வாறு நிகழ்தல் நன்கு அறியப்பட்டது சீரியத்தில்தான்.

ஏன் பிற உலோகங்களில் நிகழவில்லை என்பதற்கு ருஷிய அறிஞர் லாண்டாவ் 1937இல் காட்டிய நியாயம் தெளிவானது. அஆஇ என்னும் அடுக்கிற்கும் அஆஅஇ என்னும் அடுக்கிற்கும் நடுவில் பாதியடுக்கு என்பதொன்று இல்லை. ஓரடுக்கு ஓர் ஒழுங்கினை உடைத்து அல்லது உடைத்தன்று. சிறிதளவு உடைத்து என்று கூறவியலாது. ஆகவே ஒழுங்கால் வேறுபட்ட இரு நிலைகளுக்கு இடையேயுள்ள எல்லை இடைவழியில் முடிந்துபோதல் இயலாது. அது வேறோர் எல்லையைச் சென்று முட்டியே தீரும். எல்லை முடிந்துபோகின்றதெனில், இருபுறமும் ஒழுங்கு ஒன்றே என்பது பெறப்படும். லாசனும் டாங்கும் எக்ஸ்கதிராற் கண்டதனை இந்நியாயம் மறுபுறத்தினின்று வலியுறுத்துகின்றது.

இதன் பயனாக விளையும் விந்தையொன்றை நேயர்கள் மனத்தால் நிகழ்த்திப் பார்க்கலாம். காமாச் சீரியத்தை அமுக்காமலே 400 பாகைக்குச் சூடாக்குக. அச்சூட்டிலேயே 25,000 வளிமண்டலம் வரையில் அமுக்குக. பின்னர் அமுக்கத்தை விடாமல் குளிர்விக்குக. இப்போது கையில் உள்ளது ஆல்பா. வழியில் எவ்விடத்தும் தாவல் இல்லை. இன்ன நொடியில் காமா ஒழிந்து ஆல்பா பிறந்தது என்று விரல்வைத்துக் காட்ட ஓரிடமில்லை. நேரே சென்றவர்க்குச் சுவராக நின்றது, சுற்றிச் சென்றவர்க்கு இல்லவேயில்லை. இரண்டு என்பதும் உண்மை. ஒன்று என்பதும் உண்மை. எவ்வழியிற் சென்றோம் என்பதே வேறுபாடு.

இதனோடு தொடர்புடைய மற்றொன்றை நம் நாட்டவர் ஒருவர் 1965இல் வெளியிட்டார். பெங்களூரில் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி பயின்று, பின் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திற் பணியாற்றிய ஏ. ஜெயராமன் அவர்கள், சீரியம் உருகும் வெப்பநிலையை 70,000 வளிமண்டலம் வரையில் அளந்தார். பொதுவாக அமுக்கம் மிகுந்தால் உலோகங்கள் உருகுவதற்கு மேலும் சூடு வேண்டும். சீரியமோ முதலில் எளிதாக உருகத் தொடங்குகின்றது; சுமார் 33,000 வளிமண்டலத்தில் 660 பாகையளவிற்கு இறங்கி, அதன்பின்னரே ஏறுகின்றது. பனிக்கட்டியும் அமுக்கத்தால் எளிதில் உருகும். நீர் பனிக்கட்டியினும் செறிவுடையதாதலே காரணம். உருகிய சீரியமும் தொடக்கத்தில் திண்சீரியத்தினும் செறிந்தது என்பது இதனாற் புலனாகும். முன் கூறிய இறுதிப்புள்ளிக்கு அப்பாலும், சுருங்கும் நாட்டம் உலோகத்தைவிட்டு நீங்கவில்லை என்பதற்கு இஃதொரு சான்று.

இனிச் சொல்லைப் பற்றிய வழக்கிற்கு வருவோம். உலோகம் ஒரு நிலையினின்று மற்றொரு நிலைக்குச் செல்லுதலைத் தமிழிற் கூறுவார்க்கு உருமாற்றம், படிகக்கட்டு மாற்றம் என்னும் சொற்களே முதலில் நாவில் வரும். காமா பீட்டாவாவதற்கும் டெல்டாவாவதற்கும் இவை பொருந்தும். காமா ஆல்பாவாதற்கு இவற்றுள் எதுவும் பொருந்தாது. உரு மாறவில்லை, படிகக்கட்டும் மாறவில்லை. மாறாதது எதுவோ அதனையே மாறியதாகக் கூறும் பெயர், மாணவனுக்குச் செய்தியின் உயிர்நிலையையே மறைத்துவிடும். சொல்லில் என்ன இருக்கின்றது, காமா ஆல்பா என்னும் குறிகள் போதாவோ என்று விஞ்ஞான வகுப்பு நண்பர் கேட்பர். குறி பொருளைச் சுட்டும், நிகழ்ச்சியை விளக்காது. பிறமொழிச் சொற்களைக் கொள்ளுதலில் எமக்குத் தடையில்லை. சீரியத்தையும் எலெக்ட்ரானையும் ஆங்ஸ்ட்ராமையும் இக்கட்டுரையில் தயங்காமல் ஆண்டிருக்கின்றோம். பெயரை இரவல் வாங்கலாம். நினைப்பை இரவல் வாங்குதல் ஆகாது.

ஒடுக்கம் என்னும் சொல்லை யாம் முதலில் எண்ணினோம். நல்ல சொல்தான், ஆயினும் ஆக்சிஜனை இழத்தல் முதலியவற்றிற்கு இரசாயனர் அதனை முன்னரே கொண்டுவிட்டனர், ஒரே பாடத்தில் ஒரு சொல் இருவேலை செய்தல் இடர். வேறு சொல்லைத் தேடி எங்கும் செல்ல வேண்டுவதில்லை. நம் இலக்கணத்தில் குறுக்கம் என்பதொன்று உண்டு. இரண்டு மாத்திரை பெறவேண்டிய ஐகாரம், மலை, தலைவன் என்றாற் போலச் சொல்லின் கடையிலும் இடையிலும் வருமிடத்து ஒரு மாத்திரையாகக் குறைந்து ஒலிக்கும். எழுத்து அதே எழுத்து. வரிவடிவம் அதே வடிவம். நின்ற இடத்தின் காரணமாக அளவு மட்டும் குறைந்தது. ஐகாரக்குறுக்கம் என்று நம் முன்னோர் இதற்குப் பெயரிட்டனர். ஐகாரம் உருமாறிற்று என்று கூறினாரிலர். சீரியத்தில் நிகழ்வதும் இதுவேயன்றோ? அடுக்கு அதே அடுக்கு. அமுக்கத்தின் காரணமாக அளவு குறைந்தது. அளவு குறையவே ஒலியும், அதாவது காந்தமும் மின்தடையும், வேறுபட்டன. ஆகலின், அடுக்கு மாறுமிடத்தை அடுக்குமாற்றம் என்றும், அடுக்கு மாறாது அளவு தாவிக் குறையுமிடத்தைக் குறுக்கம் என்றும், இரண்டையும் தழுவிய பொதுப்பெயராக நிலைமாற்றம் என்றும் வழங்கலாம் என்பது எம் துணிபு.

உவமை முற்றும் பொருந்தும் என்று யாம் சாதிக்கவில்லை. ஐகாரக்குறுக்கத்தில் எல்லை கரைந்துபோகும் இறுதிப்புள்ளி இல்லை. சீரியத்தில் மாத்திரைக் கணக்கும் இல்லை. இச்சொல்லினும் சிறந்ததொன்றைப் பௌதிக வகுப்பு நண்பர் காட்டுவாராயின் எம்முடையதை விட்டுவிட ஒருப்படுவோம். விரும்புவதெல்லாம், பாடநூலில் அச்சேறுமுன் சொல்லை ஆராய்தல் வேண்டும் என்பதே. எம் கல்லூரியிலேயே தமிழ் வகுப்பாரும் பௌதிக, இரசாயன வகுப்பாரும் மாதம் ஒருமுறை ஓர் அறையிற் கூடினால், ஆண்டொன்றுக்கு இருபது சொற்களையேனும் இவ்வாறு உரசிப்பார்க்கலாம். அதற்குப் பொருட்செலவு இல்லை. ஓர் அறையும், சற்றே பொறுமையும் போதும். அச்சேறியபின் திருத்துதல் எத்துணை அரிது என்பதற்கு அருமண் என்னும் பெயர் ஒன்றே சான்று.

குறுக்கத்தோடு சீரியத்தின் கதை முடிந்துவிடவில்லை. ஆல்பாவை மேலும் அமுக்கினால், 50,000 வளிமண்டலத்தை ஒட்டிக் கனசதுரமே குலைகின்றது. அஃது உண்மையான அடுக்குமாற்றம். இந்நிலைகளில் மிகுந்த குளிரில் மின்தடை அடியோடு மறைந்துபோதலை 1968இல் விட்டிக் என்பவர் கண்டார். ஒரு லட்சத்து இருபதினாயிரம் வளிமண்டலத்திற்கு மேற்போனால், ஒரு பக்கம் நீண்ட செவ்வடுக்கு ஒன்று அமைகின்றது. 50,000 வளிமண்டலத்தில் நேர்வதில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. சில துண்டுகள் யுரேனியத்தின் அடுக்கை ஒத்ததாக மாறுகின்றன. வேறு சில துண்டுகள் சாய்ந்த அச்சுடைய மற்றோரடுக்கை மேற்கொள்கின்றன. உலோகம் ஒன்று, அமுக்கம் ஒன்று, வெப்பநிலையும் ஒன்று. அமுக்கத்திற்கு உள்ளாகுமுன் அத்துண்டை அடித்தார்களா, உருட்டினார்களா, எங்ஙனம் பண்படுத்தினார்கள் என்பதனைப் பொறுத்து அடுக்கு வேறுபடுகின்றது.